பெல் அடித்த முதல் ஐந்து நிமிடம்: ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புச் சேட்டையைச் சமாளிக்கப் புதிய ஆசிரியருக்கு

தேனி மாவட்டம் கம்பம் பள்ளத்தாக்கில், கூடலூரிலிருந்து போடி வரைக்கும் உள்ள ஊர்களில், ஒரு நடுநிலைப்பள்ளியிலோ உயர்நிலைப்பள்ளியிலோ புதிதாகச் சேர்ந்திருக்கும் ஆசிரியர்களுக்கு இந்தக் குறிப்புகள். ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகளைப் பற்றித்தான் இங்கே பேச்சு. ஐந்தாம் வகுப்பு வரை "டீச்சர், டீச்சர்" என்று கூடவே சுற்றி வந்த பிள்ளை, ஆறாம் வகுப்பில் திடீரென்று முகத்தைத் திருப்பிக்கொள்ளும். பத்தாம் வகுப்பை நெருங்கினால் பொதுத்தேர்வு பயம் கொஞ்சம் அமர்த்திவிடும். நடுவில் இருக்கிற மூன்று வருடத்தில்தான் ஆசிரியர்களுக்குத் தொண்டை கட்டுகிறது.

பதினொன்று முதல் பதிமூன்று வயதுப் பிள்ளைக்கு ஆசிரியர் என்ன நினைக்கிறார் என்பதைவிடப் பக்கத்து பெஞ்ச் என்ன நினைக்கிறது என்பதே பெரிது. நாற்பது பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது அவன் இறங்கிவர மாட்டான். இறங்கிவந்தால் இன்டர்வெலில் கேலி அவனுக்குத்தான். கீழே சொல்லியிருக்கும் எல்லாமே இந்த ஒரு விஷயத்திலிருந்து வருபவை. திருத்துவதைப் பக்கத்தில் போய், தாழ்ந்த குரலில், வேடிக்கை பார்க்க ஆளில்லாமல் செய்யப் பழகினால் பாதிச் சண்டைகள் பிறக்கவே பிறக்காது.

வகுப்புக்குள் போவதற்கு முன்

முதல் நாளே வருகைப்பதிவேட்டிலிருந்து பெயர்களை எழுதி எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு தாளில் பெஞ்சுகளைக் கட்டம் கட்டமாக வரைந்து, யார் எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பென்சிலால் நிரப்புங்கள். ஒரு நாளைக்குப் பத்துப் பெயர் என்று வைத்தால் முதல் வாரத்திலேயே வகுப்பு முழுவதும் மனப்பாடமாகிவிடும். "ஏய், சிவப்புப் பேக்" என்று கூப்பிடும் ஆசிரியருக்கும் "தினேஷ்" என்று கூப்பிடும் ஆசிரியருக்கும் வகுப்பு வேறு வேறு மாதிரி நடந்துகொள்ளும். ஒரே பெயரில் இரண்டு மூன்று பேர் இருப்பது இங்கே சாதாரணம். அவர்களைத் தலைப்பெழுத்தோடு கூப்பிடுங்கள். பிள்ளைகள் வைத்திருக்கும் பட்டப்பெயரால் ஒருபோதும் கூப்பிட வேண்டாம், அந்தப் பிள்ளையே சிரித்தாலும் சரி.

அறையில் ஆளில்லாதபோது ஒருமுறை போய்ப் பாருங்கள். கடைசி பெஞ்ச் வரை நடந்துபோக வழி இருக்கிறதா? பெஞ்சுகளுக்கு நடுவே இரண்டடி அகலமாவது வேண்டும். புத்தகப்பைகள் நடைவழியில் கிடந்தால் நீங்கள் கரும்பலகைக்குப் பக்கத்திலேயே சிறைப்பட்டுவிடுவீர்கள். ஆசிரியர் கால் படாத இடத்தில்தான் சேட்டை வளரும். பைகளை பெஞ்சுக்கு அடியில் வைக்கும் பழக்கத்தை முதல் நாளே கொண்டுவந்துவிடுங்கள்.

சென்ற வருடம் இதே வகுப்பை எடுத்தவரிடம் மூன்றே விஷயம் கேளுங்கள்: யாருக்கு வாசிக்க வரவில்லை, யாருக்குக் கண்ணோ காதோ சரியில்லை, யாரோடு யாரைச் சேர்த்து உட்கார வைக்கக் கூடாது. "யார் ரவுடி?" என்று கேட்காதீர்கள். பதில் தானாகவே வரும். வந்தாலும் நோட்டில் எழுதிக்கொள்ள வேண்டாம். போன வருடத்துப் பெயரைச் சுமந்துகொண்டு வரும் பையனுக்குப் புது ஆசிரியர் ஒருவர்தான் புது வாய்ப்பு.

முதல் ஐந்து நிமிடம்

பீரியடில் நடக்கும் குழப்பத்தில் பெரும்பகுதி தொடக்கத்திலேயே விதைக்கப்படுகிறது. முந்தைய ஆசிரியர் போய் நீங்கள் வருவதற்குள் இருக்கும் இரண்டு நிமிட இடைவெளியில் பேனா பறக்கும், டஸ்டர் பறக்கும், பழைய பஞ்சாயத்து ஒன்று மறுபடி கிளம்பும். உள்ளே வந்து "சைலன்ஸ்!" என்று மேசையைத் தட்டினால் பத்து விநாடி அமைதி கிடைக்கும். அடுத்த நாள் இரண்டு மடங்கு சத்தமாகத் தட்ட வேண்டியிருக்கும். இரண்டே வாரத்தில் மேசைச் சத்தத்துக்கு மதிப்பே போய்விடும்.

பெல் அடித்ததும் வாசலில் நில்லுங்கள். இன்டர்வெல் முடிந்து வருகிறவர்களை அங்கேயே ஒவ்வொருவராகப் பார்த்து உள்ளே விடுங்கள். வேர்த்து விறுவிறுத்து சண்டைக்கோலத்தில் வருகிறவனை வாசலிலேயே அடையாளம் கண்டு, "போய் ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டு வா" என்று அனுப்பினால் உள்ளே வெடிக்கப்போவது வெளியிலேயே அணைந்துவிடும்.

உள்ளே போனதும் முதல் வேலையாகக் கரும்பலகையில் மூன்று நிமிட வேலை ஒன்றை எழுதுங்கள். அது மூன்று விதியை மீறக் கூடாது: யாருடைய உதவியும் இல்லாமல் செய்ய முடிய வேண்டும், எழுத வேண்டியதாக இருக்க வேண்டும், நேற்று நடத்தியதிலிருந்து இருக்க வேண்டும். கணக்கு என்றால் நான்கு பெருக்கல். தமிழ் என்றால் நேற்றைய பாடத்திலிருந்து ஐந்து சொல் எடுத்து வாக்கியம் அமைத்தல். அறிவியல் என்றால் இலையின் படத்தை வரைந்து பாகம் குறித்தல். அவர்கள் எழுதும்போது நீங்கள் கட்டம் போட்ட தாளைப் பார்த்துச் சத்தமில்லாமல் வருகையைக் குறித்துவிடலாம். "உள்ளேன் ஐயா" என்று நாற்பது பேர் நாற்பது ராகத்தில் சொல்வதற்கு ஆகும் நான்கு நிமிடமும் மிச்சம்.

இங்கே தவறு நடப்பது ஓரிடத்தில்தான். மூன்று நிமிட வேலையைத் திருத்தாமல் விட்டுவிடுவார்கள். மூன்று நாள் திருத்தாவிட்டால் நான்காம் நாள் யாரும் எழுத மாட்டார்கள். நாற்பது நோட்டையும் தினமும் பார்க்க முடியாது. ஒரு நாளைக்கு ஒரு வரிசை என்று நடந்துபோய் ஒரு டிக், ஒரு கையெழுத்து போதும். இன்று எந்த வரிசை என்பதை மட்டும் முன்கூட்டியே சொல்லாதீர்கள்.

மூன்று விதி, ஒரு வாரப் பயிற்சி

சுவரில் பன்னிரண்டு விதிகள் எழுதி ஒட்டிய வகுப்பில் ஒன்றுகூட நடக்காது. மூன்று போதும். ஒருவர் பேசும்போது மற்றவர் கேட்பது. அடுத்தவர் உடம்பையும் பொருளையும் தொடாமலிருப்பது. சொன்ன வேலையைத் தொடங்கிவிட்டு அப்புறம் சந்தேகம் கேட்பது. "ஒழுங்காக இரு" என்பது விதியே இல்லை, அதில் செய்ய வேண்டியது என்ன என்பது இல்லை.

விதியைவிடப் பழக்கத்துக்குத்தான் அதிக நேரம் செலவழிக்க வேண்டும். நோட்டு சேகரிப்பதையே எடுத்துக்கொள்ளுங்கள். நாற்பது பேரும் எழுந்துவந்து மேசையில் போட்டால் மூன்று நிமிடம் போகும், இரண்டு சண்டையும் வரும். கடைசி பெஞ்சிலிருந்து முன்னால் கடத்திக்கொண்டே வந்து, முதல் பெஞ்சில் இருப்பவர் அடுக்கி வைப்பதை முதல் வாரத்தில் நான்கைந்து முறை செய்துபார்க்கச் சொல்லுங்கள். எத்தனை விநாடி ஆகிறது என்று கடிகாரத்தைப் பார்த்துச் சொன்னால் இந்த வயதுப் பிள்ளைகள் அதையே போட்டியாக எடுத்துக்கொள்வார்கள். நாற்பது விநாடிக்குள் வந்துவிடும்.

சிறுநீர் கழிக்கப் போவதற்கு ஒரு மரத்துண்டோ சாவிக்கொத்தோ வைத்து, அதை எடுத்துக்கொண்டு ஒரு நேரத்தில் ஒருவர் என்று வைக்கலாம். கேட்காமலே எடுத்துக்கொண்டு போகட்டும். ஆனால் மாணவிகள் மரத்துண்டு இருக்கிறதா இல்லையா என்று பார்க்காமல் எழுந்து போனால் எதுவும் கேட்காதீர்கள். ஏழாம், எட்டாம் வகுப்பில் காரணத்தை வாய்விட்டுச் சொல்ல வைப்பது கொடுமை.

லீடர் கரும்பலகையில் "பேசியவர்கள்" என்று தலைப்புப் போட்டுப் பெயர் எழுதும் வழக்கம் ஏறக்குறைய எல்லாப் பள்ளியிலும் இருக்கிறது. தயவுசெய்து இதை நிறுத்துங்கள். லீடரின் நண்பன் பெயர் வராது, வேண்டாதவன் பெயருக்கு நேரே பெருக்கல் குறி நான்கு ஏறும். பெயரை அழிக்க நெல்லிக்காயும் தேன்மிட்டாயும் கைமாறும். சாயங்காலம் பள்ளிக்கு வெளியே லீடர் அடி வாங்குவார். பிள்ளைகளுக்குள் உளவு பார்க்கும் வேலையை ஆசிரியரே பிரித்துக்கொடுக்கக் கூடாது. லீடருக்கு நோட்டு எடுத்துவருவது, சாக்பீஸ் வாங்கிவருவது, வராதவர்களுக்கு வீட்டுப்பாடம் சொல்வது என்று வேலை கொடுங்கள். வாரத்துக்கு ஒருவராக மாற்றுங்கள். அதிகமாகச் சேட்டை செய்பவருக்கும் முறை வர வேண்டும்.

பாடம் நடக்கும்போது

ஏழாம் வகுப்பில் பத்து நிமிடத்துக்கு மேல் தொடர்ந்து பேசினால் ஓரங்களில் சலசலப்பு தொடங்கும். அது அவமரியாதை இல்லை, வயது. பத்து நிமிடம் விளக்கம், ஐந்து நிமிடம் கைவேலை என்று மாற்றி மாற்றி நடத்துங்கள். பலகையில் எழுதும்போது முதுகை முழுக்கத் திருப்பாமல் பக்கவாட்டில் நின்று, ஒருமுறைக்கு இரண்டு வரி எழுதித் திரும்பிப் பார்க்க வேண்டும். அரைப் பலகை எழுதிமுடிக்கும் வரை திரும்பாத ஆசிரியர் வகுப்புக்கு விடுமுறை விட்டதாகத்தான் பொருள்.

இனி ஒரு காட்சியை மெதுவாகப் பார்ப்போம். பின்னம் நடத்திக்கொண்டிருக்கிறீர்கள். மூன்றாவது பெஞ்சில் பாண்டி பேனாவை வைத்துத் தாளம் போடுகிறான். பக்கத்தில் இருவர் சிரிக்கிறார்கள். பேச்சை நிறுத்தாதீர்கள். பாடத்தைச் சொல்லிக்கொண்டே அவன் பக்கம் நடங்கள். பெரும்பாலும் நான்கடி தூரத்திலேயே தாளம் நின்றுவிடும். நின்றுவிட்டால் ஒன்றும் சொல்லாமல் கடந்து போய்விடுங்கள்; சொன்னால் நின்றுபோனதை நீங்களே கிளப்பிவிட்டதாகும். நிற்கவில்லையா, அவன் நோட்டின் மேல் இரண்டு விரலை வையுங்கள். அப்போதும் நிற்கவில்லை என்றால் குனிந்து, பக்கத்து பெஞ்சுக்குக் கேட்காத குரலில், "பாண்டி, மூணாவது கணக்கு வரைக்கும் போடுப்பா. வந்து பாக்குறேன்" என்று சொல்லிவிட்டு உடனே நகர்ந்துவிடுங்கள்.

அந்த நகர்தல்தான் முக்கியம். பக்கத்திலேயே நின்று அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் கீழ்ப்படிவது தோற்பதுபோல் ஆகிவிடும். முதுகைத் திருப்பிக்கொண்டு நடந்தால் பத்து விநாடி முனகிவிட்டு எழுதத் தொடங்குவான். அந்த முனகல் காதில் விழாததுபோல் இருங்கள். இரண்டு நிமிடம் கழித்துச் சொன்னபடி போய்ப் பாருங்கள். முதல் கணக்காவது போட்டிருந்தால் அதன் பக்கத்தில் ஒரு டிக் போட்டுவிட்டு வந்துவிடலாம்.

இதே இடத்தில் "டேய் பாண்டி, என்ன மேளமா அடிக்கிற? எந்திரி!" என்று கத்தினால் நடப்பது வேறு. அவன் எழுவான், மெதுவாக, வேண்டுமென்றே மெதுவாக. யாரோ சிரிப்பார்கள். "நான் ஒண்ணும் பண்ணல சார்" என்பான். நீங்கள் "பொய் வேறயா" என்பீர்கள். பத்து நிமிடம் போய்விடும். பின்னமும் போய்விடும். நாளைக்கு இன்னொருவன் அதே மேடையைத் தேடுவான்.

எதிர்த்துப் பேசினால், பதிலுக்குப் பதில் வேண்டாம். "இதை இன்டர்வெல்ல பேசலாம்" என்று ஒரே வாக்கியம் சொல்லிப் பாடத்துக்குத் திரும்புங்கள். சொன்னபடி இன்டர்வெலில் பேசியே ஆக வேண்டும். மறந்துவிட்டால் அந்த வாக்கியம் அடுத்தமுறை செல்லாது. தனியாகப் பேசும்போது, ஆனால் நான்கு பேர் பார்க்கும் தூரத்தில், வராண்டாவிலோ மரத்தடியிலோ, இருவரும் நின்றபடி இரண்டு நிமிடம் போதும். என்ன நடந்தது என்று அவனையே சொல்லச் சொல்லுங்கள். நடுவில் மறிக்காதீர்கள். பிறகு நீங்கள் பார்த்ததைச் சொல்லுங்கள். நாளைக்கு என்ன செய்வாய் என்று கேட்டு, அவன் வாயால் ஒன்று சொன்னதும் அனுப்பிவிடுங்கள். அழ வைத்தால்தான் திருந்துவான் என்ற எண்ணம் வேண்டவே வேண்டாம்.

பாராட்டிலும் இதே கவனம் தேவை. சேட்டைக்காரப் பையனை எல்லார் முன்னாலும் "இன்னிக்கு இவன் எவ்வளவு நல்ல பிள்ளையா இருக்கான் பாருங்க" என்றால் இன்டர்வெலில் "சாரோட ஆளு" என்று கேலி செய்து அவனைப் பழைய நிலைக்கே தள்ளிவிடுவார்கள். நோட்டில் ஒரு வரி எழுதுங்கள். அதை அவன் பத்துத் தடவை எடுத்துப் பார்ப்பான்.

செய்யக் கூடாதவை

அடிக்கக் கூடாது. கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009, பிரிவு 17 உடல்ரீதியான தண்டனையையும் மனரீதியான துன்புறுத்தலையும் தடை செய்கிறது. மீறினால் பணிவிதிகளின்படி ஒழுங்கு நடவடிக்கை உண்டு. முட்டி போட வைப்பது, வெயிலில் நிற்க வைப்பது, காதைத் திருகுவது எல்லாம் இதற்குள் அடங்கும். சாதியையோ, வீட்டு நிலையையோ, நிறத்தையோ சொல்லித் திட்டுவதும் அடங்கும். பிரிவு 16-இன்படி எட்டாம் வகுப்பு முடியும் வரை எந்தப் பிள்ளையையும் பள்ளியிலிருந்து நீக்க முடியாது. ஆகவே "டிசி கொடுத்துருவேன்" என்ற மிரட்டல் வெறும் காற்று, பிள்ளைகளுக்கும் அது தெரியும்.

இந்தப் பக்கத்துப் பெற்றோர் சிலர், "கண்ண மட்டும் விட்டுட்டுத் தோல உரிச்சிருங்க சார்" என்று பாசத்தோடுதான் சொல்வார்கள். அதை அனுமதியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். "அடிக்கிறது எங்க வேலை இல்லம்மா. தினமும் ராத்திரி அவன் நோட்ட ஒரு தடவை திறந்து பாருங்க, அது போதும்" என்று சொல்லலாம். எழுதப் படிக்கத் தெரியாத தாய்க்கும் இன்றைய தேதிக்கு நேராக எழுத்து இருக்கிறதா, சிவப்பு மையில் டிக் இருக்கிறதா என்று பார்க்க முடியும்.

வெளியே நிற்க வைப்பதும் தண்டனை ஆகாது. பாடம் பிடிக்காதவனுக்கு அது பரிசு. கண்காணிப்பு இல்லாத பிள்ளைக்கு ஏதாவது நேர்ந்தால் பொறுப்பு உங்களுடையது. நூறு முறை எழுத வைத்தால் எழுத்தே தண்டனை என்று பதிந்துவிடும். ஒருவன் செய்ததற்கு வகுப்பு முழுவதையும் இன்டர்வெலுக்கு விடாமல் வைத்தால் செய்யாத முப்பத்தொன்பது பேர் உங்களுக்கு எதிராகத் திரும்புவார்கள்.

கெடுத்ததைச் சரிசெய்ய வைப்பது மட்டும் பலன் தரும். மை சிந்தினால் துடைக்க வேண்டும். நோட்டைக் கிழித்தால் அந்தப் பக்கத்தை எழுதிக் கொடுக்க வேண்டும். அன்றைக்கே, அந்த அளவுக்கே.

சேட்டைக்கு அடியில் என்ன இருக்கிறது

ஆறாம் வகுப்பில் பாடப்புத்தகத்தைச் சரளமாக வாசிக்க முடியாத பிள்ளைகள் ஒவ்வொரு பிரிவிலும் இருப்பார்கள். வாசிக்கத் தெரியாது என்று தெரிவதைவிட "ரவுடி" என்று பெயர் எடுப்பது இந்த வயதில் கௌரவம். அடுத்து வாசிக்கும் முறை தனக்கு வரப்போகிறது என்று தெரிந்ததும் பக்கத்தில் இருப்பவனைக் கிள்ளுவது இதனால்தான்.

சேர்ந்த இரண்டு வாரத்துக்குள் இதைச் சோதித்துவிடுங்கள். மூன்றாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்திலிருந்து அறுபது சொல் கொண்ட ஒரு பத்தி. ஒவ்வொருவரையும் உங்கள் மேசைக்கு அழைத்து, மற்றவர்கள் எழுத்து வேலையில் இருக்கும்போது, ஒரு நிமிடம் வாசிக்கச் சொல்லுங்கள். தடுமாறிய சொற்களை உங்கள் தாளில் மட்டும் குறியுங்கள். ஒரு பீரியடுக்கு ஆறு பேர் என்றால் ஏழு நாளில் முடியும். பாதிக்கு மேல் தடுமாறுகிறவர்களை எல்லார் முன்னாலும் திடீரென்று வாசிக்கச் சொல்லாதீர்கள். நாளைக்கு வாசிக்க வேண்டிய மூன்று வரியை இன்றே காட்டி, வீட்டில் பழகிவரச் சொல்லலாம். அந்த மூன்று வரியைத் தடங்கலில்லாமல் வாசித்த அன்று கிள்ளல் இருக்காது.

கேரள எல்லையோரத்தில் இதில் இன்னொரு சேதி உண்டு. நெடுங்கண்டம், வண்டன்மேடு, பூப்பாறை பக்கம் ஏலத்தோட்டத்தில் தங்கி வேலை செய்துவிட்டுக் கீழே இறங்கி வரும் குடும்பங்களின் பிள்ளைகள் சிலர் அங்கே மலையாள வழியில் படித்திருப்பார்கள். தமிழ் பேசுவார்கள், எழுத்து வராது. மற்றவர்கள் "மலையாளத்தான்" என்று கூப்பிடத் தொடங்கினால் முதல் வாரமே கைகலப்பு வரும். அந்தப் பிள்ளைக்குத் தெரிந்ததைப் பயன்படுத்துங்கள். ஒரு நாள் கரும்பலகையில் தமிழ் 'ப'வையும் மலையாளப் 'ப'வையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டச் சொன்னால், வகுப்பு அவனைப் பார்க்கும் பார்வை மாறும். தமிழ் எழுத்துக்கு முதல் வகுப்புப் புத்தகத்தைக் கொடுத்து அவமானப்படுத்தாமல், அவன் பெயர், ஊர்ப் பெயர், பஸ் போர்டு, கடைப் பலகை என்று சொல்லாகப் பழக்குங்கள். தினம் பத்து நிமிடம், மதியச் சாப்பாட்டுக்குப் பின்.

பசியையும் கணக்கில் எடுங்கள். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கியது. அது ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரைக்கும்தான். ஆறாம் வகுப்புக்கு ஏறிய பிள்ளைக்கு சத்துணவு மதியம்தான். கம்பம்மெட்டு, குமுளி, போடிமெட்டு வழியாகத் தோட்ட வேலைக்கு ஆளேற்றி மலையேறும் ஜீப்புகள் விடியலிலேயே கிளம்பிவிடுகின்றன. அம்மாவும் அப்பாவும் அதில் போய்விட்டால் தம்பி தங்கையைக் கிளப்பிப் பள்ளியில் விட்டுவிட்டுத் தான் சாப்பிட நேரமில்லாமல் ஓடிவரும் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் உண்டு. மூன்றாம் பீரியடில் எரிந்து விழும் பிள்ளையிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, தனியாக, "காலையில என்ன சாப்ட்ட?" தாமதமாக வருவதையும் இந்தக் கண்ணோடு பாருங்கள். ஏலக்காய் எடுக்கும் மாதங்களில் தாமதமும் விடுப்பும் கூடும். அது தெரிந்தால் கேட்டில் நிறுத்தித் திட்டுவதற்குப் பதில், வந்ததும் செய்ய வேண்டிய மூன்று நிமிட வேலையை அவனுக்காகப் பலகையின் ஓரத்தில் அழிக்காமல் விட்டுவைப்பீர்கள்.

கார்த்திகை, மார்கழியில் சபரிமலைக்குப் போகும் வண்டிகள் இந்தச் சாலைகளை நிறைக்கும். ரோட்டோரக் கடை வைத்திருக்கும் வீட்டுப் பிள்ளைகள் இரவெல்லாம் விழித்துவிட்டு வகுப்பில் தூங்கி விழுவார்கள். அதே மாதங்களில் சில பையன்கள் மாலை போட்டிருப்பார்கள். ஒரு மண்டலம் முழுக்க அவனை எல்லாரும் "சாமி" என்பார்கள். ஆசிரியரும், "சாமி, நோட்ட எடுங்க" என்பார். வகுப்பிலேயே பெரிய சேட்டைக்காரன் அந்த நாட்களில் அடங்கி நடப்பதைப் பலரும் விரதத்தின் மகிமை என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். விரதம் உண்மைதான். கூடவே, நாற்பதுக்கும் மேற்பட்ட நாட்கள் யாரும் அவனை "டேய்" போட்டுக் கூப்பிடவில்லை என்பதும் உண்மை. மாலை கழற்றிய பிறகு "சாமி" என்று கூப்பிட வேண்டாம். அந்த மரியாதைக் குரலை மட்டும் கழற்றாமல் வைத்திருங்கள்.

சண்டை மூண்டுவிட்டால்

இரண்டு பேருக்கு நடுவே பாய்ந்து பின்னாலிருந்து பிடிக்காதீர்கள். யார் பிடித்தார்கள் என்று தெரியாமல் கை வீசுவார்கள், இரண்டில் ஒருவர் மாட்டிக்கொண்டு மற்றவரிடம் அடி வாங்குவார். முதலில் இருவர் பெயரையும் உரக்கச் சொல்லுங்கள். பக்கத்து வகுப்பு ஆசிரியரைக் கூப்பிட ஒரு பிள்ளையை அனுப்புங்கள். வேடிக்கை பார்ப்பவர்களை அவரவர் இடத்துக்குப் போகச் சொல்லுங்கள். கூட்டம் கலைந்தால் பாதி வேகம் குறையும். பிரித்ததும் வேறு வேறு இடத்தில் உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, கால்மணி நேரம் எதுவும் விசாரிக்க வேண்டாம். மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும் பிள்ளை சொல்வதில் பாதி ஆத்திரம்தான்.

பிறகு தனித்தனியாகக் கேட்டு இருவர் சொன்னதையும் எழுதிக்கொள்ளுங்கள். அதே மணி நேரத்தில் கை குலுக்க வைப்பது பெரியவர்கள் திருப்திக்காகச் செய்வது. மறுநாள் போதும். காயம் சிறியதாக இருந்தாலும் இரண்டு வீட்டுக்கும் அன்றைக்கே நீங்களே சொல்லிவிடுங்கள். சேதி வேறு வழியில் போனால் சாயங்காலம் பள்ளி வாசலில் பெரியவர்களின் சண்டையாக வந்து நிற்கும்.

கையில் கட்டும் வண்ணக் கயிறு, பெஞ்சில் செதுக்கும் எழுத்து, ஊர்த்தெருவின் பெயரைச் சொல்லி நடக்கும் கேலி ஆகியவற்றை மட்டும் சேட்டைக் கணக்கில் சேர்க்காதீர்கள். சாதி உள்ளே வரும் வாசல் அவை. நீதிபதி கே. சந்துரு ஒருநபர் குழு 2024 ஜூனில் அரசிடம் அளித்த அறிக்கையில் சாதியைக் காட்டும் கயிறுகளுக்குத் தடையும் பெயரின் அகரவரிசைப்படி இருக்கையும் பரிந்துரைக்கப்பட்டன. இருக்கை விஷயத்தை நீங்கள் நாளைக்கே செய்யலாம். அகரவரிசையில் தொடங்கி, திங்கள்தோறும் ஒரு வரிசை நகர்த்திக்கொண்டே வாருங்கள். கண் தெரியாதவர், காது கேளாதவர் மட்டும் முன்னால் நிரந்தரம். தெருவாரியாக உட்கார்ந்த வகுப்பு இரண்டு மாதத்தில் கலந்துவிடும். கயிற்றை நீங்களே அறுக்காதீர்கள். தலைமையாசிரியர் மூலம், எல்லாருக்கும் ஒரே நாளில், பெற்றோருக்கும் சொல்லி நடக்க வேண்டிய காரியம் அது.

வீட்டோடு பேசுவது

பகலில் போன் போட்டால் மலைத்தோட்டத்தில் சிக்னல் இருக்காது. இருந்தாலும் கங்காணி பக்கத்தில் நிற்பார். ஜீப் இறங்கி, அடுப்புப் பற்றவைத்த பிறகு, இரவு ஏழரை மணி வாக்கில் பேசுங்கள். முதல் அழைப்பு புகாராக இருக்கக் கூடாது. சேர்ந்த முதல் மாதத்தில் தினம் இரண்டு வீட்டுக்கு, ஒரு நிமிடம், பிள்ளையிடம் பார்த்த ஒரு நல்ல விஷயத்தை மட்டும் சொல்லி வைத்துவிடுங்கள். "பாண்டி அம்மாவா? பள்ளிக்கூடத்துல இருந்து பேசுறேம்மா. பயப்படாதீங்க, நல்ல சேதிதான்." இந்த ஒரு அழைப்பு கையிருப்பில் இருந்தால், ஐப்பசியில் புகாரோடு பேசும்போது அந்தத் தாய் காது கொடுப்பார்.

புகார் சொல்லும்போது நடந்ததை மட்டும், தேதியோடு சொல்லுங்கள். "உங்க பையன் சரியில்ல" என்றால் அன்றிரவு அவனுக்கு அடி விழும், மறுநாள் உங்கள் மேல் வன்மத்தோடு வருவான். "செவ்வாக்கிழமை பக்கத்துப் பையன் டிபன்பாக்ஸைத் தூக்கிப் போட்டான். அவன்கிட்ட பேசிட்டேன், முடிஞ்சிருச்சு. நீங்க அடிக்க வேணாம், என்ன நடந்ததுன்னு மட்டும் கேளுங்க" என்றால் போதும்.

பெற்றோர் இல்லாமல் பாட்டியோடு இருக்கும் பிள்ளைகள் இங்கே நிறைய. பாட்டியைப் பள்ளிக்கு வரச் சொல்லி நிற்க வைக்காமல், வழியில் பார்க்கும்போது நீங்கள் நின்று பேசுங்கள்.

குறிப்பு நோட்டு, மேலே சொல்ல வேண்டியவை

பாக்கெட் அளவு நோட்டு ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். தேதி, பீரியடு, யார், என்ன செய்தார், அதற்கு முன் என்ன நடந்தது, நீங்கள் என்ன செய்தீர்கள். ஆறு விஷயம், இரண்டு வரி. "அடங்காதவன்" போன்ற தீர்ப்புச் சொல் கூடாது. மூன்று வாரம் கழித்துப் புரட்டினால் சேட்டை எப்போதும் ஐந்தாம் பீரியடில் நடக்கிறதா, ஒரே ஆள் பக்கத்தில் இருக்கும்போது நடக்கிறதா, வாசிப்புப் பாடத்தில் மட்டும் நடக்கிறதா என்று தெரிந்துவிடும். பல சமயம் இருக்கையை மாற்றினாலே தீர்ந்துபோகும்.

சில விஷயங்களை நீங்கள் மட்டும் வைத்துக்கொள்ளக் கூடாது. கலகலப்பாக இருந்த பிள்ளை திடீரென்று ஒடுங்கிப்போவது, வீட்டுக்குப் போகப் பயப்படுவது, உடம்பில் காயம், வயதுக்கு மீறிய பேச்சு, உதட்டுக்குள் புகையிலைப் பொட்டலம். இவற்றை அன்றைக்கே தலைமையாசிரியரிடம் சொல்லுங்கள். பாலியல் தொல்லை என்ற சந்தேகம் வந்தால் போக்சோ சட்டம் 2012-இன்படி அதைத் தெரிவிக்காமலிருப்பதே குற்றம். வகுப்பில் விசாரணை நடத்த வேண்டாம், பிள்ளையைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைக்க வேண்டாம். சைல்டுலைன் எண் 1098. கல்வித் துறையின் உதவி எண் 14417. பள்ளியிலிருந்து 100 கஜத்துக்குள் புகையிலைப் பொருள் விற்பது 2003-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அந்தக் கடையைப் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் எடுத்துப் பேசுங்கள். குழுவில் பெற்றோர்தான் பெரும்பான்மை, அவர்கள் சொன்னால் கடைக்காரர் கேட்பார்.

பெரிய சண்டையோ எதிர்ப்போ நடந்த மறுநாள் காலை, அந்தப் பையன் வகுப்புக்குள் வருவதற்கு முன்பே யோசித்துக்கொண்டு வருவான், இன்றைக்கு என்ன நடக்கப்போகிறதோ என்று. வாசலில் வழக்கம்போல் நில்லுங்கள். நேற்றைய பேச்சை எடுக்காதீர்கள். கையில் இருக்கும் நோட்டுக்கட்டை அவனிடம் நீட்டி, "பாண்டி, இதக் கொஞ்சம் வரிசையாக் குடுத்துருப்பா" என்று சொல்லிவிட்டு, பலகையில் இன்றைய மூன்று நிமிட வேலையை எழுதத் தொடங்குங்கள்.